நாலு மணிப் போணி

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு, வயித்துல ஒண்ணும் இல்லாத நேரத்துல எவனாவது வந்து ஃபைல் எங்கன்னு கேட்டா, அன்னைக்கு அவன் பாடு அவ்வளவுதான். ஆபீஸ்ல எல்லாருக்கும் இது தெரியும். "மேடம், வடை ஆச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் என் மேஜைக்கிட்டயே வருவாங்க. கிண்டல்தான், ஆனா உண்மை இல்லாம இல்ல.

பெரம்பலூரைத் தனி மாவட்டம் ஆக்கி ரெண்டு வருஷம் போல ஆனப்போ எனக்கு அங்க ஒரு ஆபீஸ்ல வேலை கெடைச்சுது. கெடைச்சுதுன்னு சொல்லவே வாய் கூசும். என் வீட்டுக்காரர் வேலையில இருக்கும்போதே லாரி மோதிப் போயிட்டார். கருணை அடிப்படைன்னு சொல்லி எனக்கு ஒரு நாற்காலியைக் குடுத்தாங்க. அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. அரியலூர் ரோட்டுல இருக்கிற அம்மா வீட்டுலேருந்து காலையில பஸ் ஏறுவேன். டவுனுக்கு ரயிலா கெடக்கு, ஏறி உக்காந்துட்டு வர? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வரணும், நின்னுக்கிட்டே போகணும். கட்டிட்டு வந்த புளிச்சோறு மத்தியானம் ஒரு மணிக்கு உள்ள போனா நாலு மணிக்கு இருந்த எடம் தெரியாது.

ஆம்பளைங்களுக்கு என்ன, சட்டைப் பையில கைய விட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிடுவாங்க. பொம்பளைங்க நாங்க நாலு பேரும் சில்லறை சேத்துப் பியூன்கிட்ட குடுப்போம். அவர் ரெண்டு தெரு சுத்தி, மூணு பேர்கிட்ட ஊர்க்கதை பேசிட்டு, பேப்பர்ல சுருட்டி வடை கொண்டு வருவார். வந்து சேரும்போது அது ஆறி, எண்ணெய் பேப்பர்ல எறங்கி, கடிச்சா ரப்பர் மாதிரி இழுக்கும். வடைன்னா சுடச்சுட இருக்கணும். கையில வாங்கினா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்தணும். ஆறின வடையைத் திங்கிறதுக்குப் பதிலா பட்டினி கெடக்கலாம். ஒரு மாசம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் நானே கெளம்பிட்டேன்.

பக்கத்து சீட்டு அம்மா தடுத்தாங்க. "எதுக்கும்மா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க"ன்னாங்க. பேசட்டும், அவங்க வாய் அவங்களுக்கு, என் பசி எனக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

அந்தத் தேடல் லேசுல முடியல. பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு கடை. எண்ணெயைப் பாத்தா தார் ரோடு போடலாம் போல இருந்துச்சு. திருச்சி ரோட்டுல ஒரு ஓட்டல். வடை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த வெலைக்கு ராத்திரிச் சாப்பாட்டையே முடிச்சுக்கலாம். துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு வண்டிக்கடை. பஜ்ஜியில வாழைக்காயைத் தேடிக் கண்டுபிடிக்கணும், அவ்வளவு மாவு. ஒரு தடவை ஆபீஸ் வேலையா லப்பைக்குடிக்காடு போயிருந்தப்போ ஒரு பாய் கடையில சமோசா தின்னேன். அதை இன்னைக்கும் மறக்க முடியாது. ஆனா ஒரு சமோசாவுக்காக அவ்வளவு தூரம் தினமும் பஸ் ஏற முடியுமா?

கடைசியா ஒரு போண்டாக் கடை. எண்ணெய் சுத்தம், வெலையும் கட்டுப்படியாகும். அப்பத்தான் அடுப்புலேருந்து மொதல் ஈடு எடுக்கிறான். நான் காசை நீட்டினேன். அவன் என் நெத்தியைப் பாத்தான், கழுத்தைப் பாத்தான். காசை வாங்கல. கரண்டியை எண்ணெயில விட்டுச் சும்மா கிண்டிக்கிட்டே இருந்தான். எனக்குப் பின்னாடி ஒருத்தர் வந்தார். அவர்கிட்ட வாங்கி, காசைக் கண்ணுல ஒத்திப் பெட்டியில போட்டுட்டு, அப்புறம் என் பக்கம் திரும்பி, "எத்தனைம்மா?"ன்னான்.

புரிஞ்சுபோச்சு. மொதல் வியாபாரம், போணி. தாலி இல்லாதவ கையால போணி ஆனா அன்னைக்குக் கடை ஓடாதாம். "உன் போண்டாவை நீயே தின்னு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரோட்டுல வரும்போது கண்ணு கலங்கிடுச்சு. கோவத்துல வந்த தண்ணிதான்னு அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இல்ல, அவமானத்துல வந்ததுதான்.

இதெல்லாம் எனக்குப் புதுசும் இல்ல. என் தம்பி கல்யாணத்துல ஆரத்தி முடியற வரைக்கும் நான் அடுப்படியிலதான் நின்னேன். எங்கம்மா என்னைப் பெத்தவ, வெளிய கெளம்பும்போது நான் எதுக்க வந்துடக் கூடாதேன்னு, "உள்ள போயி அந்தச் சொம்பை எடுத்தா"ன்னு ஜாடையா அனுப்பும். எனக்குத் தெரியும்னு அதுக்கும் தெரியும். சொம்பை எடுக்கப் போவேன். நான் வர்றதுக்குள்ள அது தெருமுனை தாண்டியிருக்கும்.

வடைக்கார அக்கா கடையை நான் பாத்தது அதுக்கப்புறம்தான். ஆஸ்பத்திரிக்குப் போற சந்துல, ஒரு சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டி, ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு பெரிய வாணலி. கடைன்னு சொன்னா அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு என்னை விடப் பத்து வயசு கூட இருக்கும். பெரிய குங்குமப் பொட்டு, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. மசால் வடை மட்டும்தான். மத்த எடத்துல பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போடுவாங்க. இவங்க எங்க ஊர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை உரிச்சு முழுசு முழுசாப் போடுவாங்க. சந்து திரும்பும்போதே சோம்பு வாசனை இழுத்துச்சு.

மொதல் ஈடு வடை அப்பத்தான் கண்ணுக் கரண்டியில ஏறுது. யாரும் வாங்கல. நான் நாலடி தள்ளிச் சுவரோரமா நின்னுட்டேன்.

"ஏம்மா அங்கயே நிக்கிறீங்க? வடை வேணாமா?"

"வேணும்ங்க. வேற யாராச்சும் வாங்கட்டும். நான் அப்புறம் வாங்கிக்கறேன்."

அவங்க ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாங்க. புரிஞ்சுகிட்டாங்க. "பசியோட வந்து நிக்கிறவங்க குடுக்கிற காசு, அதுல என்னம்மா கொறை? இங்க வாங்க"ன்னு கூப்புட்டு என் கையிலேருந்து காசை வாங்கினாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டு, ஸ்டவ்வை ஒரு தடவை சுத்தி, டப்பாவுல போட்டாங்க. வாழையிலைத் துண்டுல ரெண்டு வடை, மேல கொஞ்சம் தேங்காச் சட்னி. நான் கைமாத்திக் கைமாத்தித் தின்னேன். வாய் வெந்துபோச்சு. அப்படி ஒரு வடையை நான் அதுவரைக்கும் தின்னதே இல்ல.

மறுநாள் போனேன். எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு நிக்கிறாங்க. அக்கா வடையைத் தட்டுல எடுத்து வச்சிட்டு யாருக்கும் குடுக்காம இருக்காங்க. என்னைப் பாத்ததும், "வாம்மா, வாம்மா. நேத்து நீ போணி பண்ண, ஆறு மணிக்கு முன்னாடியே மாவு தீந்துபோச்சு. உன் கை ராசியான கை. இன்னைக்கும் நீயே எடு"ன்னாங்க. நேத்து 'வாங்க', இன்னைக்கு 'வா'. எனக்கு ரெண்டுமே இனிச்சுது.

எனக்கு இந்த ராசி, சகுனம் எதுலயும் நம்பிக்கை கிடையாது. நம்பினா நான் உசுரோட இருக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். என் கை ராசின்னு ஒருத்தி சொன்னப்போ, அந்த ஒண்ணை மட்டும் நம்பணும்னு ஆசையா இருந்துச்சு.

அதுலேருந்து மூணு வருஷம் போல அந்தக் கடைக்கு நான்தான் போணி. நாலு மணி அடிச்சா கெளம்பிடுவேன். சூப்பிரண்டு ஒரு தடவை, "அப்படி என்னம்மா அவசரம், வடை ஓடியா போயிடும்?"ன்னு கேட்டார். "வடை ஓடாது சார், நான் போகலன்னா அங்க ஒருத்தருக்கு வியாபாரம் ஓடாது"ன்னேன். அவருக்கு ஒண்ணும் விளங்கல.

ஒரு நாள் மேலிடத்துலேருந்து இன்ஸ்பெக்சன். நகர முடியல. விட்டதும் ஓடினேன். சந்துல கூட்டம் நிக்குது. தட்டு நெறைய வடை. ஒருத்தர், "ஏம்மா, காசு தரோம்ங்கிறோம், வடை இருக்கு, தர மாட்டேங்கிறியே, இது என்ன கூத்து"ன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கார். அக்கா அசையல. "எங்க ஆபீசம்மா வரட்டும், சித்த பொறுங்க"ன்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு மூச்சு வாங்குது. காசை அவங்க கையில வச்சப்போ அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. தாலி இல்லாத கழுத்தையும் பாத்திருப்பாங்க. பாத்துக்கங்கன்னு நிமிந்து நின்னேன்.

அக்காவோட வீட்டுக்காரர் கொத்தனார். சாந்தமான மனுசன். வேலை இல்லாத நாள்ல வந்து தண்ணி எடுத்துக் குடுப்பார், என்னைப் பாத்தா "வாங்க"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்குவார். பொண்டாட்டி மேல உசுரு. அது பாக்கறவங்களுக்கே தெரியும்.

ரெண்டாயிரத்துல, ஐப்பசி மழை நேரம். நான் வடையை வாங்கிக் கையில வச்சிருக்கேன். தார்ப்பாயில தேங்கியிருந்த தண்ணி ஒரு பக்கமாச் சரிஞ்சு கொதிக்கிற எண்ணெயில விழுந்துச்சு. எண்ணெய் பொங்கி அக்காவோட ரெண்டு கால்லயும் கொட்டிடுச்சு. அவங்க போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நாலு பேராச் சேந்து பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வராந்தாவுல நிக்கும்போது அந்த நாலு பேர்ல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கேக்கறார்: "இன்னைக்கு யாரு போணி?" கேட்டுட்டு என்னைப் பாத்தார். தார்ப்பாயை ஒழுங்காக் கட்டாதது யாருன்னு எவனும் கேக்கல.

அவங்க படுத்திருந்த நாள்ல ரெண்டு மூணு தடவை போயிப் பாத்தேன். "கால்தானே போச்சு, கை இருக்குல்ல, வடை தட்ட கைதானே வேணும்"ன்னு சிரிச்சாங்க. கார்த்திகை கடைசியில திரும்பக் கடை போட்டாங்கன்னு தெரிஞ்சதும் நாலு மணிக்கு ஓடினேன். ஸ்டவ்வுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்காரர்தான் உக்காந்திருந்தார். அக்கா கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குள்ள போயிருக்காங்கன்னார். தட்டுல மொதல் ஈடு இருக்கு. நான் காசை எடுத்தேன்.

அவர் எந்திரிச்சு நின்னுட்டார். கையைக் கட்டிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம பேசினார். "தப்பா நெனைக்கக் கூடாதுங்க. உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும் நீங்க ரெண்டாவதா வாங்கிக்கங்க. ஊரு ஒரு மாதிரி பேசுது. அவளுக்கும் மனசு சங்கடந்தாங்க. அவளால உங்ககிட்ட சொல்ல முடியல."

திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். அந்தப் போண்டாக்காரனை நடுரோட்டுல வச்சுக் கேட்டவ நான். இவர் இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். அவளால சொல்ல முடியலன்னா, அவங்கதான் சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் வர்ற நேரம் பாத்துக் கட்டு மாத்தப் போயிருக்காங்க. அப்படித்தான் எனக்குப் பட்டுச்சு. "சரிங்க"ன்னு சொல்லிட்டுக் காசைத் திரும்பப் பர்ஸுல போட்டேன். ரெண்டாவதா வாங்கவும் நிக்கல.

அன்னைக்கு மட்டும் பத்து நிமிஷம் அங்க நின்னிருக்கலாம். அக்கா நொண்டிக்கிட்டே வந்திருப்பாங்க. மூஞ்சியைப் பாத்திருந்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும். எத்தனையோ தடவை இதை நெனைச்சாச்சு.

மறுநாள்லேருந்து அந்தச் சந்துப் பக்கமே போகல. பஸ் ஸ்டாண்டுக்குச் சுத்திக்கிட்டுப் போவேன். தை பொறக்கறதுக்குள்ள அரியலூரைத் தனி மாவட்டம்னு பிரிச்சாங்க. ஆள் வேணும்னாங்க, யார் போறீங்கன்னு கேட்டதும் நான்தான் மொதல்ல கையைத் தூக்கினேன். அடுத்த வருஷமே ரெண்டையும் திரும்பச் சேத்துட்டாங்க. எங்களைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைச்சுக் கலைச்சுப் போட்டாங்க. ஆனா எனக்கு மட்டும் அரியலூர்லயே அஞ்சு வருஷம் ஓடிடுச்சு.

அரியலூர்ல வடைக்குப் பஞ்சம் இல்ல. சுண்ணாம்புக்கல் லாரி போற புழுதியில மூக்கை மூடிக்கிட்டுப் போனா ரயில்வே ஸ்டேசன் ரோட்டுல ஒரு நல்ல கடை இருந்துச்சு. கீரை வடை நல்லாருக்கும், வெலையும் நம்ம கைக்கு அடங்கும். ஆனா நான் போனதும் காசை நீட்ட மாட்டேன். முன்னாடி யாராவது வாங்கிட்டாங்களான்னு பாத்துட்டு, இல்லன்னா கடிகாரம் பாக்கற மாதிரி தள்ளி நிப்பேன். அந்தக் கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானேதான் நின்னேன். இவ்வளவு வாய் பேசறவ, அஞ்சு வருஷமும் அப்படித்தான் வடை வாங்கினேன்.

ரெண்டாயிரத்து ஆறுல திரும்பப் பெரம்பலூர். வந்து ஒரு மாசம் வரைக்கும் அந்தச் சந்துப் பக்கம் போகல. ஒரு நாள் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வெளிய வரேன், சோம்பு வாசனை. கால் தானா நின்னுடுச்சு.

தார்ப்பாய் போயித் தகரக் கூரை வந்திருந்துச்சு. அடுப்புல ஒரு சின்ன வயசுப் பொண்ணு, கழுத்துல புதுத் தாலிக்கயிறு. மருமகளா இருக்கும்னு நெனைச்சேன். பின்னாடி சுவரோரமா ஒருத்தங்க முக்காலியில உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காங்க. நெத்தி வெறும் நெத்தி. மூக்குல ஒண்ணும் இல்ல. எனக்கு அடையாளம் தெரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அவங்களுக்கு ஆகல.

"ஆபீசம்மா"ன்னு எந்திரிச்சு வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. வெங்காயக் கையோட. "எங்கம்மா போயிட்ட? என் மேல என்ன கோவம்? கால் வெந்து கெடந்தப்போ வந்து பாத்தவ, கடை போட்டப்புறம் எட்டிக்கூடப் பாக்கலியே?"

அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. வாய் வரைக்கும் வந்துடுச்சு, உங்க வீட்டுக்காரர்தான்க்கா சொன்னாருன்னு. தலையைத் தூக்கினா, தகரத்துக்குக் கீழ அவர் போட்டோ, மாலை போட்டு. போன வருஷம் சாரத்துலேருந்து விழுந்துட்டாராம். "ஒரு நாள்கூட என் மேல கை வச்சதில்லம்மா"ன்னு சொல்லும்போதே அவங்க கண்ணுல தண்ணி.

"டிரான்ஸ்பர்க்கா. திடீர்னு அரியலூருக்குப் போட்டுட்டாங்க. சொல்லிட்டுக்கூடப் போக முடியல"ன்னேன்.

"அதான் பாத்தேன். நீ அப்படிக் கோச்சுக்கற ஆளா?"ன்னாங்க. என்னைப் போயி. "ரொம்ப நாள் வடையை எடுத்து வச்சிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன். அவருதான் திட்டுவாரு. 'அவங்க இனிமே வர மாட்டாங்க, வேற யாருக்காச்சும் குடுடி'ம்பாரு. எப்படித்தான் அவ்வளவு உறுதியாச் சொன்னாரோ, போ. உன் கை நின்னதுலேருந்தே எனக்கு எதுவும் சரியில்லம்மா. பட்ட கால்லயே படும்பாங்களே, அந்தக் கதைதான். கடைசியில அவரையும் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

என் கையால கெட்டதுன்னு ஊரே சொன்னப்போ எனக்குக் கோவம் வந்துச்சு. என் கை இல்லாமப் போனதால கெட்டதுன்னு இவங்க சொல்றாங்க. அது அப்படி இல்லக்கா, சாரம் சரியாக் கட்டலக்கான்னு சொல்லியிருக்கணும். நான் போகாம இருந்தது தப்போன்னு ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்.

மருமகப் பொண்ணு மொதல் ஈட்டைத் தட்டுல எடுத்து வச்சா. இன்னும் யாரும் வாங்கல. அக்கா மூஞ்சி மலந்துடுச்சு. "பாத்தியா, நேரம் பாத்து வந்திருக்க. எடும்மா, நீதான் போணி"ன்னாங்க. பர்ஸைத் தொறந்து காசை எடுத்து அவங்க பக்கம் நீட்டினேன்.

அவங்க கையைச் சட்டுனு முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. "அவகிட்ட குடும்மா. நான் வாங்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"யாருக்கா சொன்னது? இவளா?"

"ஐயோ, அது பாவம், அது ஒண்ணும் சொல்லல. யாரும் சொல்லல. நானாத்தான் ஒதுங்கிக்கிட்டேன். பொழப்பு நடக்கணுமில்ல."

"அப்ப எங்கிட்ட மட்டும் எப்படிக்கா வாங்கினீங்க?"

"அது உன் கை. ராசியான கை. இது என் கைம்மா"ன்னு சொல்லிட்டு முக்காலியில போயி உக்காந்து வெங்காயத்தை எடுத்துக்கிட்டாங்க.

மருமகப் பொண்ணு கையை நீட்டிக்கிட்டு நின்னா. எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன். அந்தக் கையை முந்தானைக்குள்ளேருந்து இழுத்துக் காசை வச்சு மூடியிருக்கலாம். நான் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன்.